இ20 பெட்ரோலும் பழைய காரும்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

1990-களில் வாங்கிய கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள கார் ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும். ஒருநாள் காலையில் போர்ட்டிகோவில் பெட்ரோல் வாடை அடித்தது. பானெட்டைத் திறந்தால், பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர் ஓஸ் விரலால் அழுத்தும்போதே மாவு போல உதிர்ந்தது. ஆறு மாதம் முன்புதான் அது வறண்டு கெட்டியாக இருந்ததைப் பார்த்து, "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தேன். அன்று முதல் பெட்ரோல் லைன் விஷயத்தில் எதையும் தள்ளிப்போடுவதில்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

நாட்டில் பெட்ரோலில் எத்தனால் (எரிசாராயம்) கலப்பது 2003-இல் 5 சதவீதத்தில் தொடங்கியது. 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் சில பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் கலந்த இ20 வந்தது, 2025-இல் அதுவே நாடு முழுவதும் சாதாரண பெட்ரோல் ஆகிவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே மாருதி 800, பிரீமியர் பத்மினி, அம்பாசிடர், கான்டெஸா போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்ரோலில்தான் ஓட்டியாக வேண்டும். ஓட்டவும் முடியும். எத்தனால் எதைத் தொடும், எதைத் தொடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

கீழே இருப்பவை வண்டிக்காரர் மெக்கானிக்கிடம் போய்ச் சொல்லும் புகார்கள். ஆபத்தானவற்றை முதலில் வைத்திருக்கிறேன். உங்கள் புகார் நடுவில் இருந்தாலும் முதல் இரண்டையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

டேங்கில் இருப்பது என்ன?

கோளாறுக்கு எத்தனால்தான் காரணமா என்று சந்தேகப்படும் முன், எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று அளந்துவிடலாம். ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் 100 மி.லி. வரை கோடு போட்ட அளவுக் குடுவை கிடைக்கும். அதில் 10 மி.லி. தண்ணீர் ஊற்றி, அதன்மேல் 100 கோடு வரை பெட்ரோல் ஊற்றுங்கள். வாயை மூடிக் குலுக்கி, நடுவில் ஒருமுறை மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியே விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். பெட்ரோலை விட்டுவிட்டு எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். அடியில் உள்ள அடுக்கு 10-இலிருந்து 28-ஐ ஒட்டி உயர்ந்தால் 20 சதவீதம். 19-ஐ ஒட்டி நின்றால் 10 சதவீதம். 10-ஐ விட்டு நகரவே இல்லையென்றால் எத்தனால் இல்லை. விலை கூடிய 100 ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் இல்லை என்று யாராவது சொன்னாலும் இதே குடுவையில் பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டவெளியில், அடுப்பு, பீடி, சுவிட்ச் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். சோதித்த கலவையைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

"பெட்ரோல் வாடை அடிக்கிறது"

வண்டியை எடுக்காதீர்கள். இந்தப் பட்டியலில் உயிருக்கு ஆபத்தானது இதுதான்.

பழைய கார்களில் இருக்கும் ரப்பர் ஓஸ்கள் கலப்பில்லாத பெட்ரோலை நினைத்துச் செய்தவை. எத்தனால் பட்டதும் அந்த ரப்பர் உப்பும். நெகிழ்வு கொடுக்கும் பொருள் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். அப்புறம் வண்டி நின்று ஓஸ் காயும்போது ரப்பர் சுருங்கி வெடிக்கும். கவனிக்க வேண்டியது இந்த நனைந்து காய்வதைத்தான். தினமும் ஓடும் வண்டியில் ஓஸ் எப்போதும் நனைந்தே இருக்கும், வெடிப்பு மெதுவாக வரும். மாதம் ஒருமுறை எடுத்து ஓட்டிவிட்டு ஷெட்டில் போடும் வண்டியில்தான் சீக்கிரம் வரும். அபூர்வமாக ஓட்டினால் வண்டி பத்திரமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்து, டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை வரிசையாகப் பாருங்கள். பானெட்டுக்குள் இருக்கும் ஓஸை எல்லோரும் பார்ப்பார்கள். விட்டுவிடுவது வேறு மூன்று: பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் இடையில் உள்ள தடித்த ரப்பர் கழுத்து, டேங்குக்கு மேலே மறைந்திருக்கும் காற்றுக் குழாய், மாருதி 800 போன்ற வண்டிகளில் மிச்சப் பெட்ரோலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஓஸ். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வாடை வந்து இரண்டு நாளில் போய்விடுகிறது என்றால், கழுத்து ரப்பரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஓஸை வளைத்துப் பாருங்கள். வெளிப்புறம் மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தாலும், கட்டை போல விறைத்திருந்தாலும், பஞ்சு போல அமுங்கினாலும் மாற்ற வேண்டியதுதான். ஒன்று போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், எல்லாம் ஒரே வயது. கடையில் "பெட்ரோல் டியூப்" என்று மட்டும் கேட்டால் எதையாவது வெட்டிக் கொடுப்பார்கள். ஓஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதன் உட்புறம் ஃப்ளூரோ ரப்பரால் ஆனது, எத்தனாலுக்கு அசையாது. ஆர்6, ஆர்7 என்று இருப்பவை சாதாரண நைட்ரைல் வகை. விலை வித்தியாசம் ஒரு டேங்க் பெட்ரோல் காசுகூட வராது. ஓஸைக் கடிக்கும் திருகுக் கிளிப்புக்குப் பதிலாக, சுற்றிலும் சமமாக அழுத்தும் கிளிப் போடுங்கள்.

ஒரு கிலோ உலர் தூள் தீயணைப்பான் முன்சீட்டுக்குக் கீழே இருக்கட்டும். பழைய பெட்ரோல் வண்டி எதுவும் அது இல்லாமல் ரோட்டுக்கு வரக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

"ஆயில் அளவு கூடியிருக்கிறது, டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை"

அம்பாசிடர், பத்மினி போன்ற வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் போல்ட் போட்டு இருக்கும். நம் மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்பார்கள். கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தள்ள, உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு மேலும் கீழும் போய்ப் பெட்ரோலை இழுக்கும். பழைய டயாஃப்ரம் எத்தனாலில் உப்பித் தளர்ந்து கிழிந்தால், பெட்ரோல் நேராக எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கிவிடும். சில பம்புகளில் அடியில் சின்ன ஓட்டை இருக்கும், கிழிந்ததும் அதன் வழியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். அது அடைபட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர் போல இளகிவிடும், பேரிங்குகள் போய்விடும். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் பெட்ரோல் ஆவி நிறைந்திருப்பது தனி ஆபத்து. எனவே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். ஆயிலை வடித்து, ஆயில் ஃபில்டரை மாற்றி, பம்புக்குப் புது டயாஃப்ரம் போடுங்கள். கிட் வாங்கும்போது பல வருடமாக அலமாரியில் கிடந்த பழைய சரக்காக இல்லாமல், எத்தனால் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லும் புதியதாகப் பாருங்கள்.

பம்பைத் திரும்பப் பொருத்தும்போது ஒரு விஷயம். பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் கறுப்பு பேக்கலைட் துண்டும் இருபக்கம் பேக்கிங்கும் இருக்கும். உடைந்துவிட்டது என்று அந்தத் துண்டை வீசிவிட்டு நேராகப் பூட்டுகிறவர்கள் உண்டு. அது எஞ்சின் சூடு பம்புக்கு வராமல் தடுக்கிறது. நெம்புகோல் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதும் அதன் கனத்தைப் பொறுத்தது. அது இல்லையென்றால் புது டயாஃப்ரமும் சீக்கிரம் கிழியும். கீழே சொல்லப்போகும் ஏர் லாக் தொல்லையும் கூடவே வரும்.

"சில வாரம் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை"

இதற்குக் காரணம் மூன்று இருக்கலாம். எளிதானதிலிருந்து தொடங்குவோம்.

ஃப்ளோட் சேம்பர் (கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம்) காய்ந்திருக்கலாம். கார்பரேட்டரில் காற்று வழி உண்டு. நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். பம்ப் மறுபடி நிரப்பும் வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரேயடியாக அடிக்காமல், பத்து விநாடி அடித்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி அடியுங்கள். நாலைந்து தடவையில் பிடித்துக்கொண்டால் இது கோளாறே இல்லை.

பிடிக்கவில்லையென்றால் அடுத்த சந்தேகம் தண்ணீர். கலப்பில்லாத பெட்ரோலில் தண்ணீர் சேராது. டேங்க் அடியில் தனியாகக் கிடக்கும், அதிகமானால்தான் தொல்லை. எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். கொஞ்சமாக இருக்கும்வரை அது நல்லதுதான், தண்ணீர் பெட்ரோலோடு சேர்ந்தே எரிந்து போய்விடும். ஆனால் அளவு உண்டு. 10 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல் சுமார் 15 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மி.லி. தண்ணீரைத் தாங்கும். இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அதைத் தாண்டினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாய் அங்கேதான் இருக்கிறது. எஞ்சினுக்குப் போவது எரியாத கலவை. மேலே மிதக்கும் பெட்ரோலோ எத்தனாலை இழந்து ஆக்டேன், அதாவது தட்டாமல் எரியும் திறன், குறைந்து நிற்கும்.

காற்றின் ஈரத்தை இழுத்தே இவ்வளவும் நடந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவதை நான் ஏற்கவில்லை. மூடிய டேங்கில் அது மிக மெதுவாக நடப்பது. தண்ணீர் பெரும்பாலும் நேராகவே உள்ளே வருகிறது: பெட்ரோல் மூடியின் வாஷர் போய் மழைத்தண்ணீர் இறங்குவது, வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகத் தண்ணீர் அடிப்பது, மழைக்காலத்தில் பங்கின் நிலத்தடித் தொட்டியில் கசிவது. கண்டுபிடிக்க, டேங்க் அடியில் வடிகால் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, இல்லையென்றால் ஃபில்டருக்கு முன் உள்ள ஓஸைக் கழற்றி, கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் பிடியுங்கள். அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். அடியில் தனி அடுக்காகக் கோடு தெரிந்தால் தண்ணீர்தான். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க நினைக்க வேண்டாம். முழுவதையும் வடித்து, டேங்க்கை உலர்த்தி, மூடி வாஷரை மாற்றுங்கள்.

மூன்றாவது, ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) அடைப்பு. கார்பரேட்டரின் உடல் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு, ஜெட்டுகள் பித்தளை. பெட்ரோல் மின்சாரத்தைக் கடத்தாது, ஈரம் சேர்ந்த எத்தனால் ஓரளவு கடத்தும். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் அந்த ஈரம் தேங்கி நின்றால் அரிப்பு தொடங்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி, சில இடத்தில் பச்சைப் பசை. ஐடிலிங் ஜெட்டின் துளை தலைமுடி கனம்தான், முதலில் அடைவது அதுவே. சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் இழுப்பு) போட்டால் ஓடும், சோக்கை விட்டால் நின்றுவிடும் என்பது இதற்கு அடையாளம். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் உதவாது. மூடியின் பேக்கிங் உப்பியிருந்தால் திரும்ப அதன் பள்ளத்தில் உட்காராது. ஒருநாள் காயவைத்தால் சுருங்கும், ஆனால் நம்ப முடியாது, புதிது போடுங்கள்.

இரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால்: இரும்பு டேங்கை நிரம்ப வைத்துவிடுங்கள், உள்ளே காற்றும் ஈரமும் குறையும், துரு பிடிக்காது. பம்புக்குள் வரும் பெட்ரோல் லைனைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இதைவிட நல்லது, வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவது.

"போய்க்கொண்டிருக்கும்போது மூச்சடைத்து நின்றுவிடுகிறது, கொஞ்சம் விட்டால் மறுபடி போகிறது"

பெட்ரோல் ஃபில்டர்தான். எத்தனால் நல்ல கரைப்பான். முப்பது வருடமாக டேங்கின் சுவரில் படிந்த பிசினையும் துருவையும் அது கிளறிவிடும். அவை மிதந்து வந்து ஃபில்டரில் அடையும். வேகமாகப் போகும்போது பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் திணறும். நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் சேம்பர் நிரம்பியிருக்கும், ஓடும். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்று போடுங்கள். பழுப்புத் தூள் தெரிந்தால் மாற்றுங்கள். முதல் சில டேங்குக்கு அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், அப்புறம் தெளிந்துவிடும். ஐந்தாறு ஃபில்டர் மாற்றியும் துரு வந்துகொண்டே இருந்தால் டேங்கை இறக்கித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்து டேங்குகள் பலவற்றின் உட்புறம் ஈயமும் தகரமும் கலந்த பூச்சு உண்டு. அது போய்விட்டால் இரும்புதான் மிச்சம்.

"வெயிலில், டிராஃபிக்கில் நின்றுவிடுகிறது. ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது"

மேலே சொன்னதைப் போலவே தோன்றும், ஆனால் இது வேறு. மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். உள்ளே இருப்பது காற்றில்லை, பெட்ரோல் ஆவி. எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும், அதன் ஆவி அழுத்தம் தனியாக இருக்கும்போது குறைவு. ஆனால் பெட்ரோலோடு சேரும்போது கலவையின் ஆவி அழுத்தம் பெட்ரோலைவிடக் கூடிவிடுகிறது, அதாவது எளிதில் ஆவியாகிறது. ஏறக்குறைய 10 சதவீதம் கலக்கும்போது உச்சத்தில் இருக்கும், 20-இல் சற்றே இறங்கினாலும் கலக்காத பெட்ரோலைவிட அதிகம்தான். சித்திரை மாதத்து மதியம், சிக்னலில் நிற்கும் வண்டி, பிளாக்கிலேயே பூட்டிய பம்ப். பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் டயாஃப்ரம் ஆவியை அமுக்கி அமுக்கி விடுமே தவிர, பெட்ரோலை இழுக்காது.

சோதனை எளிது. வண்டி நின்றதும் பம்பின் மேல் ஈரத்துணி போடுங்கள், பழைய டாக்ஸி டிரைவர்கள் செய்தது இதைத்தான். பம்பில் மட்டும் துணி சுற்றி ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் ஏர் லாக் உறுதி. ஆகவில்லையென்றால் ஒரு பிளக்கைக் கழற்றித் தீப்பொறி பாருங்கள், பெட்ரோல் சிந்தாத இடத்தில், பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து. தீப்பொறி பலவீனமாக இருந்தால் இக்னிஷன் காயில் சூட்டில் போகிறது என்று அர்த்தம். காயில் கோளாறை எத்தனால் மேல் போட்டுக் கார்பரேட்டரைப் பிரித்துப்போட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏர் லாக் என்றால், பேக்கலைட் துண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓஸ் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கமாகப் போனால் தள்ளிக் கட்டுங்கள், வெப்பம் தடுக்கும் உறை போடுங்கள். ரேடியேட்டர் சுத்தமாக, ஃபேன் ஒழுங்காக ஓட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் நின்றால், டேங்க் அருகில் குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்ப் வைக்கலாம். டேங்கிலிருந்து தள்ளினால் லைனில் ஆவி சேர்வது குறையும். ஆனால் கார்பரேட்டர் வண்டிக்கு எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைப் பீச்சும் முறை) பம்ப் போட்டால், பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்காமல் பெட்ரோல் வழியும். விபத்து நடந்தால் பம்ப் தானாக நிற்க ஒரு சுவிட்சும் கட்டாயம் வேண்டும்.

"ஆக்சிலரேட்டர் மிதித்தால் தடுமாறுகிறது, சைலன்சரில் பட்பட் என்று சத்தம்"

கலவை லீனாக, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து, போகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதே காரணம். இ20-க்குக் கணக்குப் போட்டால் சுமார் 13.5 வரும். கார்பரேட்டருக்கு இது தெரியாது. பழைய பெட்ரோலுக்கு அளந்த அதே துளை வழியே அதே அளவுதான் விடும். ஆக, கலவை 7, 8 சதவீதம் லீன் ஆகிவிடுகிறது. கம்பெனியிலிருந்தே கொஞ்சம் ரிச்சாக வைத்த வண்டிகளில் இது தெரியவே தெரியாது. ஏற்கெனவே மைலேஜுக்காக லீனாகத் திருகி வைத்த வண்டிகளில்தான் தடுமாற்றம், மிஸ்ஸிங், எஞ்சின் சூடு எல்லாம் வரும்.

சோக் சோதனை செய்யுங்கள். சூடான எஞ்சினோடு சம ரோட்டில் ஓட்டும்போது சோக்கைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். தடுமாற்றம் மறைந்தால் லீன்தான். அப்புறம் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பீங்கான் முனை சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். நல்ல கலவையில் இளம் பழுப்பாக இருக்கும்.

உடனே ஜெட் மாற்றப் போக வேண்டாம். கார்பரேட்டரின் அடி பேக்கிங், மேனிஃபோல்டு பேக்கிங், பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஓஸ் இவற்றில் காற்று இழுத்தாலும் இதே அறிகுறிதான் வரும். அழுக்கான பெட்ரோல் ஃபில்டரும் இதையே செய்யும். ஆக்சிலரேட்டர் மிதித்த அந்த முதல் நொடியில் மட்டும் விக்கி, பிறகு சரியாக இழுத்தால், கார்பரேட்டருக்குள் இருக்கும் ஆக்சிலரேட்டர் பம்பின் ரப்பர் போயிருக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது த்ராட்டிலைத் திறந்தால் உள்ளே பெட்ரோல் பீச்ச வேண்டும். வரவில்லை என்றால் அதுதான் காரணம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் லீன் என்றால் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள். சோலெக்ஸ், வெபர் வகை ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டம், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 120 என்றால் 1.20 மி.மீ. பெட்ரோல் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது. 8 சதவீதம் கூட்ட, விட்டம் 4 சதவீதம் கூடினால் போதும். 120 இருந்த இடத்தில் 125. அதற்கு மேல் போக எந்தக் காரணமும் இல்லை. வேறு சில கம்பெனி ஜெட்டுகளில் எண் வேறு முறையில் இருக்கும், அங்கே அடுத்த எண்ணுக்கு மட்டும் போங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டிப் பிளக்கைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள மிக்சர் திருகைத் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது, அது ஐடிலிங்குக்கு மட்டும்தான்.

நாக்கிங் (எஞ்சினுக்குள் எழும் தட்டும் சத்தம்) பற்றி ஒரு வார்த்தை. இ20-இன் ஆக்டேன் பழைய சாதாரண பெட்ரோலைவிடக் கூடுதல். எனவே இ20 போட்டதால் நாக்கிங் வந்தது என்றால், எத்தனால் பிரிந்துபோன பெட்ரோலா, லீன் சூடா, டைமிங்கா என்று பாருங்கள்.

"கார்பரேட்டர் வழிகிறது, கரும்புகை வருகிறது"

நீடில் வால்வின் ரப்பர் முனை உப்பியிருக்கும், அல்லது மிதவையான ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கும். ஃப்ளோட்டைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள், சளசளவென்றால் மாற்றுங்கள். மிகப் பழைய வண்டிகளில் கார்க்கால் ஆன ஃப்ளோட் மேல் ஷெல்லாக் பூசியிருப்பார்கள். ஷெல்லாக் எத்தனாலில் கரையும், அப்புறம் கார்க் ஊறி மூழ்கும். ரிப்பேர் கிட்டில் ஃப்ளூரோ ரப்பர் முனை உள்ள நீடில் வால்வு கிடைத்தால் அதையே போடுங்கள்.

"மைலேஜ் குறைந்துவிட்டது"

குறையத்தான் செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி என்றால் எத்தனாலில் 21 மெகாஜூல். கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த நான்கு சக்கர வாகனங்களில் இ20-ஆல் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 15 கொடுத்தால் அது எத்தனால் கணக்கு, மெக்கானிக்கால் அதைச் சரிசெய்ய முடியாது. 16 கொடுத்தது 11-க்கு வந்தால் எத்தனாலை விட்டுவிட்டு, பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டயர் காற்று சரியா, எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். டேங்க் நிரம்ப நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரம்ப நிரப்பி அளந்த கணக்காக இருக்க வேண்டும்.

டேங்கில் ஊற்றினால் எத்தனால் தொல்லை எல்லாம் தீரும் என்று பாட்டில்கள் விற்கிறார்கள். நிறுத்தி வைக்கும் பெட்ரோல் பிசினாவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள் உண்டு, அவற்றில் பயன் இருக்கிறது. ஆனால் வெடித்த ரப்பரை எந்த மருந்தும் ஒட்டாது. அந்தக் காசில் ஓஸ் வாங்குங்கள்.

"எம்பிஎஃப்ஐ வண்டி, செக் எஞ்சின் லைட் எரிகிறது"

2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ கார்களில் ஆக்சிஜன் சென்சார் இருந்தால், லீன் ஆவதை அதுவே பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். அதனால் தடுமாற்றம் பெரும்பாலும் வராது. ஸ்கேனரில் நீண்டகால எரிபொருள் திருத்தம் 5 முதல் 8 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டினால் அது இ20-இன் கைவரிசை, பயம் வேண்டாம். 20-ஐத் தாண்டி, லீன் என்று பி0171 கோடு வந்தால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது: பலவீனமான பம்ப், அடைத்த இன்ஜெக்டர், காற்றுக் கசிவு, கிழடான சென்சார்.

டேங்குக்குள் பம்ப் கூவுகிற சத்தம் கூடினால் அடியில் உள்ள வலை ஃபில்டரைப் பாருங்கள். டேங்குக்குள்ளேயே இருக்கும் சின்ன ஓஸ் துண்டை மாற்றும்போது ஆர்9 போதாது, அது உள்ளே போகும் பெட்ரோலுக்கு மட்டும்தான் தாங்கும். வெளிப்புறமும் முழுநேரம் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் அந்த இடத்துக்கு ஆர்10 என்று அச்சிட்டது வேண்டும். இதைத் தெரியாமல் ஆர்9 போட்டால் சில மாதத்தில் வெளிப்புறம் கரைந்து, அதே கறுப்புத் துகள் பம்பை அடைக்கும்.

ஓஸ் எதை மாற்றினாலும் அன்று எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த விரலை வைத்துப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின், எஞ்சின் ஆறியதும், எல்லாக் கிளிப்பையும் இன்னொரு தடவை இறுக்குங்கள். புது ரப்பர் சூட்டில் படிந்துகொடுக்கும், முதல் கசிவு பெரும்பாலும் அங்கேதான் வரும்.